தாத்தாவின் 1974 யெஸ்டி: எழுப்பலாம் சரி, தினமும் ஓட்டலாமா?

சரவணன்_ஈரோடு:
வணக்கம். தாத்தா 1974இல் வாங்கிய யெஸ்டி 250 பைக், மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் 22 வருடமாக நிற்கிறது. தார்ப்பாய் போட்டு மூடியிருந்ததால் டேங்க்கில் வெளிப் பெயின்ட் பரவாயில்லை, உள்ளே துரு. கிக்கர் முழுசாக இறங்குகிறது, அதனால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். ஒரு மெக்கானிக் வந்து பார்த்து, இன்ஜினை இறக்கிப் போர் அடித்து (சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து) பெயின்ட் பண்ணித் தந்துவிடலாம் என்றார். அதை வாசலில் அழகுக்கு நிறுத்தி வைக்கும் ஆசை எனக்கு இல்லை. பெருந்துறையில் வேலை, போக வர 40 கிலோமீட்டர், அதிலேயே போய்வர வேண்டும். அம்மாவுக்குச் சம்மதமில்லை. ஓட்டுகிறவர்களும் சொல்லுங்கள், வேண்டாம் என்பவர்களும் சொல்லுங்கள்.

டூஸ்ட்ரோக்_மணி (மதுரை):
தம்பி, யோசிக்காமல் எழுப்புங்கள். 26 வருடமாக யெஸ்டி ஓட்டுகிறேன், அதில் 11 வருடம் தினமும் வேலைக்கு அதில்தான் போனேன். ஒரே சிலிண்டர், இரண்டு சைலன்சர், கிக்கரை மடக்கினால் அதுவே கியர் லீவர், அந்த லீவரை அழுத்தும்போது கிளட்ச் தானாகவே விடுபடும், இப்படி ஒரு வண்டியை மைசூரில் உட்கார்ந்து 1996 வரை செய்திருக்கிறார்கள் என்பதே எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். புது வண்டியில் விளக்கு எரிந்தால்தான் ஏதோ கோளாறு என்று தெரியும். இதில் காதுக்கே தெரிந்துவிடும். பிளக் கறுத்திருக்கிறதா, பாயிண்ட் (பிளக்குக்கு மின்பொறி கொடுக்கும் தொடுமுனை) தேய்ந்திருக்கிறதா, செயின் தொங்குகிறதா என்பதெல்லாம் ஓட்ட ஓட்ட உடம்புக்குப் பழகும். காலையில் அழகர்கோவில் ரோட்டில் 50இல் போகும்போது அந்தச் சத்தம் இரண்டு பக்கப் புளியமரத்திலும் பட்டுத் திரும்பி வரும் பாருங்கள், அதற்காகவே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கையில் கிரீஸோடு கழிக்கலாம்.

நின்றால்தான் வண்டி கெடும். ஓடுகிற வண்டி கெடாது.

கலைவாணி_கோவை:
மணி அண்ணா, நீங்கள் சொல்லும் சுகம் எனக்குத் தெரியாததில்லை. அப்பாவிடம் ராஜ்தூத் இருந்தது, நான் அதில்தான் ஓட்டப் பழகினேன். ஆனால் நான் பிசியோதெரபிஸ்ட், என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இருசக்கர வண்டியில் விழுந்தவர்கள். போன வருடம் 24 வயதுப் பையன் ஒருவன், பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை ஆசையாக எழுப்பி ஓட்டியவன், முழங்காலை மடக்கவே அவனுக்கு நாலு மாதம் ஆயிற்று. வண்டியில் பெயின்ட் புதுசு, குரோம் புதுசு, முன் டயர் மட்டும் ஷெட்டில் கிடந்த அதே பழைய டயர். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டானாம்.

சரவணன், தினமும் 40 கிலோமீட்டர் என்கிறீர்கள். 1974இல் உங்கள் தாத்தா போன பெருந்துறை ரோடு இல்லை இது. அவருக்கு முன்னால் போனது மாட்டு வண்டி, பஸ், அம்பாசிடர். அவர் பிரேக்குக்கும் அவற்றின் பிரேக்குக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுப்பது) கட்டாயம், கார்களுக்கும் வந்துவிட்டது. முன்னால் போகிற கார் சட்டென்று நின்றுவிடும், உங்கள் டிரம் பிரேக் நிற்காது. 60இல் போனால் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறீர்கள். அதை எவ்வளவு அனுபவம் இருந்தாலும் குறைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டுங்கள், நானே வந்து பார்க்கிறேன். தினமும் வேண்டாம்.

டூஸ்ட்ரோக்_மணி:
கலைவாணி, அந்தப் பையன் விழுந்தது பழைய வண்டியாலா, பழைய டயராலா? டயரை மாற்றாமல் போனால் புது வண்டியும் வழுக்கத்தானே செய்யும். யெஸ்டி ஓட்டுகிறவன் இடைவெளி விட்டுத்தான் போவான். அது அவனுக்குப் பழக்கமாகிவிடும்.

கலைவாணி_கோவை:
நீங்கள் விடுகிற இடைவெளியில் இன்னொரு ஸ்கூட்டி வந்து நுழைகிறதே அண்ணா, அப்போது? மறுபடி பின்வாங்குவீர்கள், மறுபடி ஒருவர் நுழைவார். அவிநாசி ரோட்டில் இதை நான் தினமும் பார்க்கிறேன். சாலையில் நீங்கள் மட்டும் இல்லையே.

பழைய_லேத் (சேலம்):
40 வருடம் கடைசல் பட்டறை வைத்திருந்தவன், இப்போது மகன் பார்க்கிறான். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் தம்பி கேட்ட மெக்கானிக் சொன்ன வரிசை தப்பு. இன்ஜினில் ஆரம்பிக்கிறார், பெயின்ட்டில் முடிக்கிறார், நடுவில் பிரேக் எங்கே? என் பட்டறைக்கு வந்த வண்டிகளில் பலவற்றுக்கும் இதே கதைதான். ஓடும், ஆனால் நிற்காது.

தம்பி, இப்படிச் செய்யுங்கள். முதலில் இரண்டு வீலையும் கழற்றுங்கள். ஸ்போக்ஸ் துருப்பிடித்திருக்கும், மாற்றிக் கட்ட வேண்டும். ஸ்போக்ஸ் கட்டி இறுக்கி வீல் நேரான பிறகுதான் டிரம்மைக் கடைசலுக்குக் கொடுக்க வேண்டும், அதற்கு முன்னால் கொடுத்தால் வீண். ஏனென்றால் ஸ்போக்ஸ் இழுக்கிற இழுப்பில் டிரம் லேசாக வளையும், வட்டம் போய்விடும். அப்படியே போட்டால் பிரேக் பிடிக்கும்போது திக்திக்கென்று அடிக்கும். அப்புறம் டிரம்முக்குள் உரசி நிறுத்தும் ஷூவுக்குப் புது லைனிங் (உரசும் பட்டை) ஒட்டி, அந்த டிரம்முக்கு ஏற்ற வளைவில் ஷூவையும் லேத்தில் கடைய வேண்டும். கடையில் வாங்கிய ஷூவை அப்படியே மாட்டினால் இரண்டு முனையும் மட்டும் உரசும், அல்லது நடுவில் மட்டும் உரசும். இதைச் சரியாகச் செய்த யெஸ்டி பிரேக்கும் செய்யாத பிரேக்கும் வேறு வேறு வண்டி மாதிரி இருக்கும்.

இன்னொன்று, பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்து ஊதாதீர்கள், நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள். நாங்கள் அந்தக் காலத்தில் வாயாலேயே ஊதினோம், யாரும் சொல்லித் தரவில்லை.

கலைவாணி_கோவை:
ஐயா, இதைத்தான் கேட்க நினைத்தேன். இவ்வளவும் செய்தபின் தினமும் ஓட்டலாம் என்பீர்களா?

பழைய_லேத்:
என் மகனாக இருந்தால் பகலில் ஓட்டச் சொல்வேன் அம்மா. இரவில் வேண்டாம். அது 6 வோல்ட் வண்டி. சிக்னலில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஹெட்லைட் மங்கிவிடும், எதிரே எல்இடி விளக்கு வந்தால் இவன் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. 12 வோல்ட்டுக்கு மாற்றும் கிட் கிடைக்கிறது, பாயிண்ட் இல்லாத எலெக்ட்ரானிக் இக்னிஷனும் சேர்ந்தே வரும். அதைப் போட்டால் பேசலாம்.

ரோட்கிங்_ரஃபி (திருச்சி):
12 வோல்ட்டா? மன்னிக்கவும் ஐயா, இதை ஒப்புக்கொள்ளவே முடியாது. மின்சாரம் கொடுக்கும் டைனமோவைக் கழற்றி எறிந்து, எல்இடி போட்டு, பாயிண்ட்டை எடுத்துவிட்டால் அதில் 1974 எங்கே இருக்கிறது? யெஸ்டி என்ற பெயரே 1973இல்தான் வந்தது, அதற்கு முன்னால் எல்லாம் ஜாவா. அடுத்த வருடத்து வண்டி, ஒரே வீட்டில், ஒரே கை மாறாமல். இந்த மாதிரி வண்டிகள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகின்றன. சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் பழைய சாமான் கடைகளில் முன்பு குவியலாகக் கிடந்த பாகங்களை இன்று ஒவ்வொன்றாகத் தேடுகிறோம். பெயின்ட் கூட அடிக்காதீர்கள் சரவணன். டேங்க்கில் தாத்தாவின் முழங்கால் உரசித் தேய்ந்த இடம் இருக்கும் பாருங்கள், அதை மறைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. தேய்ந்த வண்டிக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் பெயின்ட் அடிக்கலாம், பழைய பெயின்ட் ஒரு முறைதான்.

சரவணன்_ஈரோடு:
ரஃபி, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். இருக்கிறது. இரண்டு பக்கமும். தாத்தா குள்ளம், அதனால் கொஞ்சம் கீழேயே இருக்கிறது. பெயின்ட் அடிக்கப் போவதில்லை.

டூஸ்ட்ரோக்_மணி:
பெயின்ட் விஷயத்தில் ரஃபி சொல்வதை ஏற்கிறேன். 12 வோல்ட்டில் இல்லை. டைனமோவைக் கழற்றினால் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம். ஆள் போனால் என்ன செய்வது?

சரி, இப்போது நானே ஒரு ஆபத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் பிரேக், டயர் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். பிஸ்டன் பிடிப்பது. இதில் ஆயில் பம்ப் கிடையாது, பெட்ரோலில் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) கலந்துதான் ஊற்ற வேண்டும். இன்ஜின் வேலை முடிந்த புதிதில் லிட்டருக்கு 50 மில்லி, பழகிய பிறகு 40 மில்லி போடுகிறேன். பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயில் உள்ளே போகும் என்றால், ஆக்சிலேட்டரை மூடினால் ஆயிலும் குறையும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. நான் முதல் தடவை இறங்கும்போது கியரில் போட்டு ஆக்சிலேட்டரை மூடியே இறங்கினேன், புல்லட்டில் இறங்குகிற மாதிரி. பாதி மலையில் இன்ஜின் பிடித்துக்கொண்டது, பின் சக்கரம் அப்படியே லாக். கை கிளட்ச்சில் இருந்ததால் பிழைத்தேன். இறங்கும்போது அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்க வேண்டும். இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேல் இருக்க வேண்டும். முதல் 1000 கிலோமீட்டர் இதை மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள் தம்பி.

கலைவாணி_கோவை:
இதைச் சொன்னதற்கு நன்றி அண்ணா. பின் சக்கரம் லாக் ஆகும் வண்டியில், பின்னால் லாரி வருகிற நேரத்தில் என்று யோசித்துப் பாருங்கள், என் பயம் அதுதான். இன்னொன்று, யாரும் பேசாத புகை. இதில் பெட்ரோலின் ஒரு பங்கு எரியாமலேயே சைலன்சர் வழியாக வெளியே போகிறது, ஆயிலும் சேர்ந்து. சிக்னலில் உங்களுக்குப் பின்னால் ஸ்கூட்டியில், குழந்தையை முன்பக்கம் நிற்க வைத்தபடி ஒரு அம்மா இருப்பார். வாரம் ஒருநாள் என்றால் பொறுத்துக்கொள்வார், தினமும் என்றால் அவர் ஏன் பொறுக்க வேண்டும்?

டூஸ்ட்ரோக்_மணி:
இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆயிலை அளந்து ஊற்றினால், கார்புரேட்டர் சரியாக இருந்தால் புகை நிறையக் குறையும், நின்றுவிடாது. நான் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அந்தத் தெருவில் போவதில்லை.

பழைய_லேத்:
பெட்ரோல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 1974இல் இந்த வண்டியைச் செய்தவர்கள் இதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய ரப்பர் டியூப், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் ஊறிப்போகும், புதுசு போடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க்கின் அடியில் உட்காரும், துருவும் ஏறும், இன்ஜின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். எத்தனால் கலந்தால் கலவை மெலியும் (காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாது), சூடு ஏறும், மணி சொன்ன பிஸ்டன் பிடிப்பதில் போய் முடியும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டிப் போட்டு, பிளக் நிறம் பார்த்து முடிவு செய்யுங்கள். வெளுத்திருந்தால் ஆபத்து, காப்பிக்கொட்டை நிறம் வர வேண்டும். கிராங்க் ஆயில் சீல் 22 வருடத்தில் காய்ந்து கல்லாகியிருக்கும், அதன் வழியே காற்று புகுந்தாலும் இதே கேடுதான். அதனால் கிக்கர் இறங்குகிறது என்பதற்காக ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். முதலில் திறக்க வேண்டும்.

ரோட்கிங்_ரஃபி:
காகிதத்தையும் பாருங்கள் சரவணன். ஆர்சி தாத்தா பெயரில்தானே இருக்கும்? வாரிசுச் சான்று வைத்துப் பெயர் மாற்ற வேண்டும். 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021இல் வந்த விதிப்படி வின்டேஜ் பதிவு வாங்கலாம், எண்ணில் ‘விஏ’ என்று வரும், 10 வருடம் செல்லும். ஆனால் அந்தப் பதிவு வாங்கினால் தினமும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்பு, இவற்றுக்கு மட்டும்தான். தினமும் போக வேண்டும் என்றால் சாதாரணப் பதிவையே புதுப்பித்து, எஃப்சி (வண்டியின் தகுதிச் சோதனை) காட்டி, இன்சூரன்ஸ் போட வேண்டும். இதை முதலிலேயே முடிவு பண்ணுங்கள், என் நண்பர் ஒருவர் விசாரிக்காமல் போய்விட்டு அலைந்தார்.

கலைவாணி_கோவை:
பார்த்தீர்களா மணி அண்ணா, சட்டமே அந்தப் பதிவில் ஞாயிற்றுக்கிழமை வண்டி என்றுதான் சொல்கிறது.

டூஸ்ட்ரோக்_மணி:
விஏ வாங்கினால்தானே. என் வண்டி சாதாரணப் பதிவில்தான் இருக்கிறது, வாங்கவும் மாட்டேன். தெருவில் ஓடாத யெஸ்டியை என்னால் யெஸ்டி என்று நினைக்க முடியவில்லை, கலைவாணி. இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

சரவணன்_ஈரோடு:
எல்லாவற்றையும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கொல்லிமலைக் கதையில் எழுந்து உள்ளே போய்விட்டார். அப்புறம் வந்து, வண்டி முழுசாகத் தயாரான பிறகு ஆறு மாதம் ஞாயிறு மட்டும், பகலில் மட்டும், அதன் பிறகு பேசலாம் என்றார். பெருந்துறைக்கு இப்போதைக்கு பஸ்தான். சாதாரணப் பதிவையே புதுப்பிக்கிறேன், பின்னால் தினமும் ஓட்ட வழி இருக்கட்டும். டைனமோவைக் கழற்றுவதா என்பதை அப்போது யோசிக்கிறேன். வீல் இரண்டையும் கழற்றிவிட்டேன், பின் சக்கர ஆக்சில் வர மூன்று நாள் ஆயிற்று. ஐயா, டிரம்மை ஈரத்துணியால்தான் துடைத்தேன். உள்ளே ஓரத்தில் விளிம்பு மாதிரி ஒரு படி இருக்கிறது, நகத்தில் நன்றாகத் தட்டுகிறது. கடைந்தால் போய்விடுமா, டிரம்மையே மாற்ற வேண்டுமா?

பழைய_லேத்:
லைனிங் உரசித் தேய்ந்த படி அது. எவ்வளவு ஆழம் என்று அளக்காமல் சொல்ல முடியாது. ஸ்போக்ஸ் கட்டிய பிறகு சேலத்துக்கு அனுப்புங்கள் தம்பி, மகனை அளந்து பார்க்கச் சொல்கிறேன். டிரம் மெலிந்திருந்தால் கடையத் தர மாட்டேன், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

கலைவாணி_கோவை:
சரவணன், டயர் வாங்கும்போது பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் அந்த எண்ணைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள்.