பெரியப்பா தோட்டத்துல பழைய ஃபைபர் போட் ஒண்ணு கெடக்கு, பாஸ்டன் வேலர்னு எழுதிருக்கு. இந்த கம்பெனி பத்தி யாருக்காச்சும் தெரியுமா?

ஒத்தக்கடை_மாப்ள

வணக்கம் மக்களே. பெரியப்பாவுக்கு அழகர்கோயில் ரோட்டுல ஒரு தோட்டம் இருக்கு. அங்க மாட்டுக்கொட்டாய் பக்கத்துல ரொம்ப வருசமா ஒரு போட் கெடக்கு. 80கள்ல லாரி வச்சிருந்தப்ப தூத்துக்குடில ஏதோ ஏலத்துல பழைய மரச்சாமான் எடுக்கப் போனாராம், வண்டில எடம் மிச்சம் இருக்கேன்னு இதையும் தூக்கிப் போட்டுட்டு வந்துட்டாராம். அம்புட்டுதான் வரலாறு, அதுக்கு மேல கேட்டா "வேலையப் பாருடா"ங்குறாரு.

போன வாரம் பழைய இரும்புக்காரர் ஒருத்தர் வந்து ஆயிரம் ரூவா தாரேன்னாரு. நான்தான் கொஞ்சம் பொறுங்கண்ணேன்னு சொல்லி அனுப்பிட்டு, ஒரு நாள் பூரா தேச்சுக் கழுவுனேன். சைடுல லேசா பாஸ்டன் வேலர்னு இங்கிலீசுல எழுத்து தெரியுது. நீளம் 13 அடி சொச்சம். மூக்கு கூரா இல்ல, சப்பையா சதுரமா இருக்கு. கவுத்துப் பாத்தா அடில மூணு மேடு. உள்பக்கம் வெளிர் நீலம். உக்கார்ற பலகை மரம், பாதி இத்துப்போச்சு. தட்டுனா சில எடத்துல கணீர்னு கேக்குது, சில எடத்துல ஈரச்சொவத்த தட்டுன மாதிரி மொத்துனு கேக்குது. பின்பக்கம் ஒரு எடத்துல பேந்து உள்ள மஞ்சளா பஞ்சு மாதிரி தெரியுது.

இது எந்த வருசத்து போட், ஒரிஜினலா டூப்ளிகேட்டா, தண்ணில விட்டா மெதக்குமா? பேந்த எடத்துல தெர்மாகோல வெட்டி வச்சு மேல ஃபைபர் ரெசின் ஊத்தி அடைச்சுரலாம்னு இருக்கேன், சரியா வருமா?

அரசரடி_பாண்டி

மாப்ள, போட்ட சரி பண்ணி எங்க விடுவ? வைகைலயா? ஆத்துல அழகர் எறங்குறதுக்கே டேம்ல இருந்து தண்ணி தொறந்து விட வேண்டியிருக்கு. பேசாம கப்பலூருக்கு கொண்டு போய் நிறுத்து, ஊருக்கு அந்தப் பேரு வச்சதுக்கு ஒரு அர்த்தமாவது இருக்கும் 😂

அப்புறம் அந்த தெர்மாகோல்... வைகை டேம்ல 2017ல ஒரு தடவ விட்டுப் பாத்தோமே, பத்தாதா?

முத்துநகர்_மெக்கானிக்

ஏலே தம்பி, அத ஆயிரம் ரூவாய்க்குக் குடுத்துராத. நான் அவுட்போர்டு மோட்டார் (போட்டுக்குப் பின்னாடி மாட்டுற மோட்டார்) வேலைல 22 வருசம், இந்த கம்பெனி மேல எனக்கு கொஞ்சம் கிறுக்கு உண்டு, நீளமா எழுதுவேன், பொறுத்துக்க.

அமெரிக்கால மாசசூசெட்ஸ்ல டிக் ஃபிஷர்னு ஒருத்தர், ஹார்வர்டுல தத்துவம் படிச்ச ஆளு. லேசா, முங்காம ஒரு போட் செய்யணும்னு சின்ன வயசுல இருந்தே ஆச. மொதல்ல பால்சான்னு ஒரு லேசான மரத்துல செய்யலாம்னு யோசிச்சவரு 1954 வாக்குல ஃபோம பாத்ததும் அந்தப் பக்கம் திரும்பிட்டாரு. சின்னதா ஒண்ணு செஞ்சு அவரு ஃபிரெண்டு ரே ஹன்ட்கிட்ட காட்டிருக்காரு. ஹன்ட் லேசுப்பட்ட ஆளு இல்ல, இன்னிக்கு வேகமா போற பாதி போட்டுல இருக்க ஆழமான வி அடிப்பாகம் அவரு போட்ட டிசைன்தான், 1960ல மியாமி நசாவு ரேஸ்ல ஜெயிச்ச பெர்ட்ராம் போட்டும் அவரு கைவண்ணம்தான்.

ஹன்ட் என்ன சொன்னாருன்னா, ஹிக்மன்னு ஒருத்தர் ரொம்ப முன்னாடியே செஞ்ச சீ ஸ்லெட்னு ஒரு போட் இருக்கு, அடில ரெண்டு பக்கமும் மேடு நடுவுல பள்ளம், வி எழுத்த கவுத்து வச்ச மாதிரி, அது ஆடாது, அத மாதிரி செய்வோம்னாரு. செஞ்சாங்க. ஆட்டம் இல்லதான், ஆனா நடுப்பள்ளத்து வழியா காத்தும் தண்ணியும் கலந்து நேரா மோட்டார் காத்தாடிக்கே போகுது, காத்தாடி தண்ணியப் புடிக்காம சும்மா சுத்துது. ஃபிஷர் விடல, மாத்தி மாத்தி செஞ்சு நடுப்பள்ளத்துல மூணாவதா ஒரு மேட்டக் கொண்டாந்தாரு. நீ அடில எண்ணுன மூணு மேடு அதுதான் தம்பி. சப்பை மூக்கும் அதோட வந்ததுதான். 1958ல 13 அடி போட் விக்க ஆரம்பிச்சாங்க.

அந்த காலத்துல மத்த ஃபைபர் போட் எல்லாம் வெறும் ஓடு, உள்ள மரச்சட்டம் வச்சு பலப்படுத்தி இருப்பாங்க. இதுல வெளி ஓடு ஒண்ணு, உள் ஓடு ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவுல பாலியூரித்தேன் ஃபோம திரவமா ஊத்துவாங்க, அது பொங்கி ரெண்டு ஓட்டையும் கவ்விப் புடிச்சு கெட்டியாயிரும். மூணும் ஒரே கட்டி. மெதக்குறதுக்காக போட்ட ஃபோமே போட்டுக்கு எலும்பாவும் ஆயிருச்சு, அதான் ஃபிஷரோட மூளை.

ஜனங்க நம்பணுமே. 1961ல லைஃப் பத்திரிகைல படம் வந்துச்சு. ஃபிஷர் தண்ணி மேல போட்டுல உக்காந்திருக்காரு, இன்னொரு ஆளு நடுவுல ரம்பம் போட்டு போட்ட ரெண்டா அறுக்கான், அறுத்து முடிச்சதும் மோட்டார் இருக்க பின்பாதிய இவரு பாட்டுக்கு ஓட்டிட்டுப் போறாரு! அந்த ஒரு படம் போதும், முங்காத போட்டுன்னு பேரு ஒட்டிக்கிச்சு. வியட்நாம் சண்டைல அமெரிக்க நேவி கூட ஓட்டுனாங்க. 1969ல ஃபிஷர் கம்பெனிய வித்துட்டாரு. நடுவுல 1989ல செருப்பு கம்பெனி ரீபாக் வாங்குச்சு (ஆமா, அதே ரீபாக்தான்), 1996ல இருந்து பிரன்ஸ்விக்ங்குற போட் கம்பெனிகிட்ட இருக்கு. இன்னிக்கும் ஃப்ளோரிடால செய்யுறாங்க.

உன் போட்டு எந்த வருசம்னு பாக்க: பின்பலகைல வலது மேல் மூலைல 12 எழுத்து நம்பர் ஒண்ணு இருக்கான்னு பாரு. 1972 நவம்பர்ல இருந்து அமெரிக்கால செய்யுற எல்லா போட்டுக்கும் அது கட்டாயம். பிடபிள்யூசின்னு ஆரம்பிச்சா பாஸ்டன் வேலர்தான். 12 எழுத்து இல்லாம சும்மா சீரியல் நம்பர் மட்டும் இருந்தா அதுக்கு முந்தினது. உள்ள வெளிர் நீலம்னு வேற சொல்லுற, 70கள் ஆரம்பத்துக்கு அப்புறம் உள்கலர் பழுப்பா மாத்திட்டாங்க. அதனால எனக்கு நாக்குல எச்சி ஊறுது.

ஆனா அந்த மொத்து சத்தம் எனக்குப் புடிக்கல. எடை போட்டுப் பாரு. 13 அடி போட்டு வெறும் கூடு 150 கிலோவுக்குள்ளதான் இருக்கணும்.

ரெசின்_ராஜா

ஒத்தக்கடை தம்பி, தெர்மாகோல தொடாதீங்க. நான் 15 வருசமா ஃபைபர் பட்டறை வச்சிருக்கேன், கதவு, தொட்டி, சாமி வாகனம், கல்யாண மண்டப செட்டுன்னு எல்லாம் செய்வோம். கடைல கெடைக்குற சாதா ரெசின் பாலியெஸ்டர், அதுல ஸ்டைரீன் கலந்திருக்கும். அது தெர்மாகோல் மேல பட்டுச்சுன்னா சக்கரைல தண்ணி ஊத்துன மாதிரி கரைஞ்சு குழி விழுந்துரும். நாங்களே தெர்மாகோல்ல உருவம் செதுக்குனா மேல வேற பூச்சு குடுத்துட்டுதான் ரெசின் அடிப்போம். எபாக்ஸி ரெசின்னா தெர்மாகோல ஒண்ணும் பண்ணாது, ஆனா வெலை ரொம்ப ஏறும். உங்க போட்டுக்குள்ள இருக்க மஞ்ச ஃபோம் பாலியூரித்தேன், அதுக்கு பாலியெஸ்டர் ரெசினே போதும். அடைக்கிறதுன்னா ரெண்டு டப்பால வர்ற பியூ ஃபோம (அதே பாலியூரித்தேன்தான்) வாங்கி கலந்து ஊத்துங்க.

இன்னொண்ணு, வீட்டுல செய்யுற பசங்களுக்கு எப்பவும் சொல்றது: ரெசின்ல மொதல்ல கோபால்ட்ட (சீக்கிரம் இறுக வைக்கிற மருந்து) நல்லா கலக்கிட்டு அப்புறம்தான் கேட்டலிஸ்ட் (கெட்டியாக்குற மருந்து) ஊத்தணும், கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் சேத்தீங்கன்னா குப்புன்னு தீப்புடிக்கும், வெடிக்கக் கூட செய்யும். வெளையாட்டு இல்ல.

ஃபைபர் போட்ட அமெரிக்காகாரன் ஏதோ பெரிய வித்தையா கண்டுபுடிச்சு செய்யல, அவங்களும் நம்ம மாதிரி பட்டறை ஆளுங்கதான். கண்ணாடி நூல் 1930கள்ல வந்துச்சு. 1942ல ஒஹாயோல ரே கிரீன்னு ஒருத்தர் அதையும் பிளாஸ்டிக் ரெசினையும் சேத்து ஒரு சின்ன போட் செஞ்சாரு. கலிஃபோர்னியால கிளாஸ்பார்னு போட் கம்பெனி வச்சிருந்த பில் டிரிட் அதே மேட்டு (கண்ணாடி நூல் விரிப்பு), ரெசின வச்சு காரு பாடியே செஞ்சுட்டாரு. 1953ல செவர்லே கார்வெட் ஃபைபர் பாடியோட வந்தது இந்தக் கூத்தெல்லாம் நடந்த பெறகுதான்.

கடலோரக்காரன்

நான் ராமநாதபுரம் பக்கம், இப்ப வேலை மதுரைல. படிச்சிட்டு சும்மா போகத்தான் இருந்தேன், அந்த ரம்பம் போட்டு அறுத்த கதைய பாத்ததும் ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு.

எங்க தாத்தா ஓட்டுனது கட்டுமரம். அதுல உள்ளங்கிற பேச்சே கெடையாது, மரமே மெதக்குது, அது மேல ஆளு உக்காந்திருக்கோம். ஓட்டை விழ வழியில்ல, அலை மேல ஏறி எறங்குனா தண்ணி அதுபாட்டுக்கு வடிஞ்சுரும். கவுந்தாலும் நிமித்திட்டு ஏறிக்கலாம். வெள்ளைக்காரன் கட்டமரான்னு பேரு மட்டும் எடுத்துட்டுப் போயி ரெண்டு கூடு வச்ச போட்டுக்கு வச்சுக்கிட்டான். ஃபிஷர் மொதல்ல பால்சா மரத்த நெனச்சாருன்னு முத்துநகர் அண்ணன் சொன்னாருல்ல, லேசான மரக்கட்டைல தொடங்குன யோசனைதான் ரெண்டுமே.

ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. கட்டுமரமும் தண்ணி குடிக்கும். குடிச்சு கனத்துப் போச்சுன்னா கரைல கயித்த அவுத்து மரம் மரமா பிரிச்சு வெயில்ல காயப் போட்டுட்டு திரும்பக் கட்டுவாக. எங்க ஊர்க் கரைல அது அன்னாட வேலை. அந்தப் போட்டுல மூணும் ஒரே கட்டின்னு சொல்லுறீகளே, அத எப்படிப் பிரிச்சு காய வைப்பீக?

2004 சுனாமிக்குப் பெறகு கரைல எங்க பாத்தாலும் ஃபைபர் போட்தான். என்ஜிஓக்காரங்க வரிசையா குடுத்தாங்க, புதுசு புதுசா பட்டறை மொளச்சுச்சு, அவசரத்துல மேட்டு கம்மியா போட்டு செஞ்சதும் நெறைய. அதுகள்லயும் மேல்தட்டுக்கு அடில தெர்மாகோல் அடைச்சிருப்பாக, கவுந்தா புடிச்சுக்கிட்டு மெதக்குறதுக்கு. அதுல தண்ணி எறங்குன போட்ட கரைக்கு இழுக்க பத்து பேரு வேணும்.

முத்துநகர்_மெக்கானிக்

கடலோரக்காரரே, சரியான எடத்துல கைய வச்சிட்டீக. வேலருக்கு சாவே அதுலதான். ஃபோம் சின்ன சின்ன மூடுன அறையா இருக்கும், லேசுல தண்ணி குடிக்காது, ஆனா ஸ்க்ரூ ஓட்டை, பேந்த எடம், பின்பக்கத்து பித்தளை வடிகுழாய் அரிச்ச எடம், இது வழியா வருசக்கணக்குல ஊறும். உள்ள போனது வெளிய வராது. தரைப்பலகைல ஸ்க்ரூ போடுறதுதான் இருக்கதுலயே பெரிய பாவம். இம்புட்டு ஊறுனாலும் முங்காது, அது உண்மைதான், ஆனா கனத்துப் போயி அசமந்தமா போகும்.

ஒத்தக்கடை_மாப்ள

எல்லாருக்கும் நன்றிண்ணே. ரெண்டு நாள் வேலை.

பின்பலகைய தேச்சதுல நம்பர் கெடச்சுச்சு. 12 எழுத்து இல்ல, வெறும் நம்பர்தான். அப்ப 72 நவம்பருக்கு முந்தினது, ஒரிஜினல்னே வச்சுக்கலாம்ல?

நேத்து டாட்டா ஏஸ்ல ஏத்தி எடை மேடைக்கு கொண்டு போனேன். கப்பலூர்லதான் போட்டேன், அரசரடி அண்ணன் ஆச நெறவேறுச்சு. அந்த மேடை 10 கிலோ கணக்குலதான் காட்டும். வண்டிய தனியா, போட்டோட தனியா ஏத்தி கழிச்சுப் பாத்தா 290. ரெண்டு தடவ போட்டேன், ரெண்டு தடவையும் அதேதான். எடை போட்டவரு "என்ன தம்பி, போட்டா? ராமேஸ்வரத்துக்கா?"ன்னு கேட்டுட்டு காசு வாங்க மாட்டேனுட்டாரு.

முத்துநகர்_மெக்கானிக்

290ஆ! அப்ப உள்ள பாதி தண்ணிதாம்ல. சுமாரா 140 லிட்டர் குடிச்சிருக்கு. மழைல கெடந்ததுக்கு இம்புட்டு வராதே. பெரியப்பாகிட்ட இன்னொரு தடவ கேளு, இத என்னத்துக்கு வச்சிருந்தாருன்னு.

ரெசின்_ராஜா

காய வைக்கணும்னா அடிப்பக்கம் தாழ்வான எடத்துல வரிசையா சின்ன ஓட்டை போட்டு, சரிவா சாச்சு வச்சு விட்டுருங்க. சித்திரை வெயில் பூரா கெடக்கட்டும், நடுநடுவுல வேக்குவம் பம்ப் வச்சு இழுத்துப் பாருங்க. முழுசா காயாது, இப்பவே சொல்லிடுறேன், பாதி வந்தா லாபம். ஓட்டைய நான் வந்து அடைச்சுத் தாரேன், ரெசின் காசு மட்டும் குடுங்க. இந்த கூட்ட ஒரு தடவ கைல தொட்டுப் பாக்கணும்.

அரசரடி_பாண்டி

ரெசின் அண்ணே, போகும்போது என்னையும் கூப்பிடுங்க. கிண்டல் பண்ணேன்தான், இருந்தாலும் பாக்கணும்ல.

ஒத்தக்கடை_மாப்ள

பெரியப்பாகிட்ட கேட்டேன். கேட்டதும் மனுசன் சிரிச்சிட்டாரு. 90கள்ல இருந்து அதுதான் மாட்டுக்கு தண்ணித்தொட்டியாம்! வாய் வரைக்கும் ரொப்பி வச்சிருவாராம், வெயில் காலத்துல எருமை உள்ளயே எறங்கி படுத்துக்குமாம். கயிறு கட்ட வளையம் வேணும்னு தரைல எட்டு எடத்துல ஸ்க்ரூ வேற முறுக்கிருக்காரு. முத்துநகர் அண்ணே, மன்னிச்சிருங்க.

ஞாயித்துக்கிழமை ரெசின் அண்ணனும் பாண்டி அண்ணனும் வாங்க, லொகேஷன் தனியா அனுப்புறேன். பெரியம்மாதான் கோவமா இருக்காங்க, போட்ட தூக்குனா மாட்டுக்கு எதுலடா தண்ணி வைக்கிறதுன்னு கேக்குறாங்க. ரெசின் அண்ணே, உங்க பட்டறைல பழைய தொட்டி ஏதும் கெடந்தா வரும்போது ஒண்ணு கொண்டு வாங்க.