மேபல் ராய்ட்ஸ்: ஒதுக்கப்பட்டது பெண்ணா, மர அச்சா?

மைத்துளி:
எடின்பரோ கலைக் கல்லூரியில் பாடம் எடுத்த மேபல் ராய்ட்ஸ் (1874–1941) செய்த வண்ண மர அச்சுகளை (மரக்கட்டையில் செதுக்கித் தாளில் எடுக்கும் படங்கள்) பார்த்தவர்கள் இங்கே யாராவது உண்டா? அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் "எச்சிங் கலைஞர் லம்ஸ்டனின் மனைவி" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள் (எச்சிங் என்றால் உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சு). இருவரும் இந்தியாவில் சேர்ந்துதான் பயணம் போனார்கள், இருவருமே இந்தியாவைப் படமாக்கினார்கள். லம்ஸ்டனின் காசி படங்களுக்குக் கிடைத்த பேர் இந்த அம்மாவின் வண்ணங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? பெண் என்பதுதான் காரணம்.

கடற்காகம்:
ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆலன் சீபியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண், இங்கிலாந்தின் ரெடிங்கில் பேராசிரியர், அதே ஜப்பானிய மர அச்சு முறையில் அற்புதமான பறவை அச்சுகள் செய்தவர், அவரை மட்டும் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒதுங்கிப்போனது வண்ண மர அச்சுதான். 1920களில் வாங்குகிறவர்களின் பணமெல்லாம் எச்சிங் பக்கம் போனது, 1929 பங்குச் சந்தைச் சரிவுக்குப் பிறகு அந்தச் சந்தையும் படுத்துவிட்டது.

மைத்துளி:
சீபிக்கு 1953இல் லேடிபேர்ட் என்ற பிரிட்டிஷ் சிறுவர் பதிப்பகத்தின் பறவைப் புத்தகம் கிடைத்ததே சார், அந்தப் படங்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. ராய்ட்ஸுக்கு அப்படி என்ன கிடைத்தது? உல்வொர்த்ஸ் கடையில் ஆறு பென்னிக்கு ரொட்டி வெட்டும் பலகை வாங்கி அதில் செதுக்கியவர் அவர்!

செதுக்குளி:
நடுவில் வருகிறேன், நானும் கொஞ்சம் கட்டை செதுக்குகிறவள். இந்த ஜப்பானிய முறையில் பிரஸ் கிடையாது, தண்ணீரில் கரைத்த நிறத்தைப் பசையோடு கட்டையில் தூரிகையால் தடவி, ஈரத் தாளை வைத்துப் பின்புறம் கையால் தேய்க்க வேண்டும், தாள் ஒரு நூல் நகர்ந்தாலும் இரண்டு நிறத்துக்கு நடுவே வெள்ளைக் கோடு விழுந்துவிடும். ராய்ட்ஸ் கட்டை மேல் ஓவியம் போலவே நிறம் பூசுவார், அதனால் ஒரு பிரதி மாதிரி இன்னொன்று இருக்காது. 1930களில் செய்த 'வாடிய துலிப்' அச்சைத் தேடிப் பாருங்கள். பூத்து நிற்பதை விட்டுவிட்டு வாடினதை எடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கடற்காகம்:
பார்த்தேன், அழகுதான், அதில் சண்டை இல்லை. ஆனால் நீங்கள் சொன்னது என் பக்கம்தான் சேர்கிறது. பிரதிக்குப் பிரதி மாறினால் சேகரிப்பாளர் தயங்கத்தானே செய்வார்?

மைத்துளி:
அதையே ஒரு ஆண் செய்திருந்தால் "ஒவ்வொன்றும் தனி ஓவியம்" என்று விலையை ஏற்றியிருப்பார்கள். சரி, சந்தையை விடுங்கள். கணவர் பெயர் இல்லாமல் அவரை அறிமுகப்படுத்த என்ன தடை? அதற்குப் பதில் சொல்லுங்கள்.