10 வயசுப் பெண், கை கழுவுறது ஓயல: மாத்திரையா, பயிற்சியா?

மண்டபம்_கவுன்சிலர்:

5ஆம் வகுப்புப் பெண், மீனவக் குடும்பம். கருவாட்டுக் கூடை, ஐஸ் பெட்டித் தண்ணி, எது பட்டாலும் முழங்கை வரைக்கும் சோப்பு போட்டு 20 நிமிஷம் கழுவுது. காசு கொடுத்து வாங்குற குடத்துத் தண்ணியில பாதி இதுக்கே போயிருது. அப்பா தங்குகடலுக்குப் போற ராத்திரியில "அப்பா வந்துருவாகளாம்மா?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். அம்மா "பத்திரமா வந்துருவாக"ன்னே சொல்லணும், ஒரு வார்த்தை மாறினாலும் மறுபடி முதல்ல இருந்து.

மனநல மருத்துவர் ஓசிடின்னு (வேண்டாத எண்ணமும் அதை அடக்கத் திரும்பத் திரும்பச் செய்யுற சடங்குமா வர்ற நோய்) உறுதி பண்ணிட்டாரு. பிள்ளைங்களுக்கு ஓசிடி எவ்வளவு கடுமைன்னு அளக்குற சிஒய்பாக்ஸ்ல மதிப்பெண் 22. செர்ட்ராலின் மாத்திரை எழுதியிருக்காரு, ஆனா வீட்ல "சின்னப் புள்ளைக்கு இந்த மாத்திரையா"ன்னு தயங்குறாங்க. ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னும் பேச்சு ஓடுது. ஆராய்ச்சி எதை முதல்ல சொல்லுது? ஈஆர்பி (பயத்தை நேருக்கு நேர் சந்திச்சு, சடங்கைச் செய்யாம இருக்கப் பழகுற பயிற்சி) தெரிஞ்சவங்க பக்கத்துல இல்லைன்னா வீட்ல எப்படித் தொடங்குறது? அப்பா விஷயத்துல ஆபத்து நிஜம்தானே, அங்க என்ன செய்யறது?

சேதுக்கரை_உளவியல்:

40க்கு 22ன்னா நடுத்தர அளவு. அந்த அளவுல பெரும்பாலான வழிகாட்டுதல்கள் ஈஆர்பி சேர்ந்த சிபிடியைத்தான் (எண்ணத்தையும் நடத்தையையும் மாத்தப் பழக்குற பேச்சு வழிச் சிகிச்சை) முதல்ல வைக்குது. பயப்படுற பொருளைத் தொடணும், தொட்ட பிறகு கழுவாம இருக்கணும். முதல் பாதியை மட்டும் செஞ்சா சும்மா பிள்ளையைப் பயமுறுத்துன மாதிரிதான்.

2004ல வந்த பாட்ஸ்ங்கிற சிறார் ஓசிடி சிகிச்சை ஆய்வை எல்லாரும் சொல்லுவாங்க. அமெரிக்காவுல 7 முதல் 17 வயசு வரை 112 பிள்ளைங்க, 12 வாரம். அறிகுறி ஏறக்குறைய இல்லைங்கிற நிலைக்கு வந்தவங்க: சிபிடியும் செர்ட்ராலினும் சேர்ந்து 53.6 சதவீதம், சிபிடி மட்டும் 39.3, செர்ட்ராலின் மட்டும் 21.4, வெற்று மாத்திரை 3.6. உங்களுக்கு அதைவிட முக்கியமானது 2011ல வந்த ரெண்டாவது பாட்ஸ். மாத்திரையில அரைகுறையா தேறின 124 பேர். முழு சிபிடி சேர்த்த குழுவுல 68.6 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். மருந்து கொடுக்கிறவரே சிபிடியைச் சுருக்கமா சொல்லிக் கொடுத்த குழுவுல 34, மாத்திரை மட்டும் தொடர்ந்த குழுவுல 30. ஓபியில நின்னபடியே "கழுவாம இருக்கப் பழகும்மா"ன்னு சொல்லி அனுப்புறது எம்புட்டு வேலை செய்யும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

பிள்ளையோட உக்காந்து 0 முதல் 10 வரை பயப் பட்டியல் போடுங்க. காஞ்ச கூடையை ஒரு விரலால தொடுறது 3, உள்ளங்கையை முழுசா வைக்கிறது 4, ஐஸ் பெட்டி மூடியைத் திறக்குறது 5, உருகின தண்ணியில விரல் நனைக்கிறது 7, அந்தக் கையால தலையணை உறையைத் தடவிட்டு அதுலயே படுக்கிறது 9. எண்ணை அவதான் சொல்லணும், நீங்க ஊகிக்கக் கூடாது. 3ல தொடங்கி தினமும் செய்யணும், வாரத்துக்கு ஒரு நாள்னா ஒட்டாது. தொடுறதுக்கு முன்னாடி "என்ன ஆகும்னு நினைக்கிற? எப்போ?"ன்னு கேட்டு நோட்டுல எழுதுங்க. "ராத்திரிக்குள்ள வாந்தி வரும்"னு சொன்னா மறுநாள் காலையில அதே பக்கத்தைத் திறந்து பாருங்க. பதற்றம் பூஜ்யத்துக்கு இறங்கியே ஆகணும்னு பழைய பாடத்துல இருக்கும். இப்போ அதைவிட, எதிர்பார்த்தது நடக்கலைன்னு பிள்ளை தானே கண்டுக்கிறதுக்குத்தான் மதிப்பு. வீட்ல பழகினதை ஏலக்கூடத்துலயும் படகுத்துறையிலயும் செய்ய வையுங்க, இல்லைன்னா வீட்டுக் கூடைக்கு மட்டும்தான் பயம் போகும்.

கெட்டுப்போற இடம் பெரும்பாலும் விரல் நுனிதான். தொட்ட விரலை மட்டும் மத்ததுல படாம விறைப்பா தூக்கிப் பிடிச்சுக்கிட்டே அரை மணி நேரம் திரிவாங்க. பார்க்கிறவங்களுக்குக் கழுவாம இருக்கிற மாதிரிதான் தெரியும். தொட்டதும் அதே கையால முடியைக் கோதச் சொல்லுங்க, முகத்தைத் தடவச் சொல்லுங்க. பாவாடையில துடைக்கிறது, சானிடைசர், மனசுக்குள்ள எண்ணுறது எல்லாமே கழுவுற கணக்குதான். சாப்பாட்டுக்கு முன்னாடியும் கக்கூசுக்குப் பிறகும் 20 நொடி, ஒரு செம்புத் தண்ணி, அது இருக்கட்டும். ஆனா பயிற்சியைச் சாப்பாட்டுக்குக் குறைஞ்சது 1 மணி நேரம் முன்னாடி வையுங்க. கையில வெடிப்பு இருந்தா ஆறுற வரைக்கும் மீன் தண்ணி வேண்டாம்.

மருத்துவர்_ராம்நாடு:

மருந்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓசிடிக்கு செர்ட்ராலினை 6 வயதிலிருந்தே கொடுக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி உண்டு. 6 முதல் 12 வயதுக்குத் தொடக்கம் 25 மி.கி., உச்சவரம்பு 200 மி.கி. அளவை ஏற்றுவதும் இறக்குவதும் எழுதிய மருத்துவர் வேலை. ஓசிடியில் பலன் மெதுவாகத்தான் வரும். போதிய அளவில் 10 முதல் 12 வாரம் பார்க்காமல் "கேட்கவில்லை" என்று சொல்ல முடியாது. பாதிப் பேர் மூன்றாவது வாரமே விட்டுவிடுகிறார்களோ என்று தோன்றும் அளவுக்கு இது சகஜம். முதல் சில நாட்களில் வயிற்றுக் கோளாறு, தூக்கக் குறைவு, இருப்புக்கொள்ளாமை வரலாம். பழக்கமாகி அடிமைப்படுத்தும் மருந்து இல்லை, ஆனாலும் சட்டென்று நிறுத்தக்கூடாது.

இந்த வகை மருந்துகள் பற்றி எஃப்டிஏ 2004இல் விடுத்த எச்சரிக்கையை வீட்டார் இணையத்தில் படித்திருக்கலாம், அதை மறைக்காதீர்கள். சிறார் ஆய்வுகளில் தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து எடுத்தவர்களில் 4 சதவீதம், வெற்று மாத்திரையில் 2 சதவீதம். அந்த ஆய்வுகளில் உயிரிழப்பு இல்லை. ஆகவே தொடக்க வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மாத்திரை அட்டை அம்மா கையில் இருக்க வேண்டும். பதற்றத்துக்கு என்று யாராவது அல்பிரசோலம், குளோனாசெபாம் போன்ற தூக்கக் கலக்கம் தரும் மாத்திரை கொடுத்தால் வாங்காதீர்கள். மயக்கத்தில் தொட்ட கூடையிலிருந்து பிள்ளை எதையும் கற்றுக்கொள்ளாது.

ஒரு கேள்வி: இது ஒன்றிரண்டு நாளில் திடீரென்று வந்ததா? தொண்டை வலிக்குப் பின், கையெழுத்துக் கெட்டு, அடிக்கடி சிறுநீர், சாப்பாடு மறுப்பு என்று சேர்ந்து வந்திருந்தால் குழந்தை மருத்துவரும் பார்க்க வேண்டும்.

ஏர்வாடிக்குப் போவதைத் தடுத்துச் சண்டை போட வேண்டாம். சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் இறந்த 2001 தீ விபத்துக்குப் பிறகு அங்கே நிலைமை வேறு. தர்காவை ஒட்டியே அரசு மனநலத் திட்டத்தில் மருந்து கொடுக்கிறார்கள். துஆவும் ஓதட்டும், பயிற்சியும் நடக்கட்டும்.

கீழக்கரை_நிஷா:

கேட்டவருக்கு இது தேவைப்படாது. இதைப் படிக்கிற கீழக்கரை, தொண்டி ஆட்களுக்காகச் சொல்றேன். ஒளுவுல (தொழுகைக்கு முன்னாடி கை கால் முகம் கழுவுறது) வஸ்வாஸ் (ஓயாத சந்தேகம்) வந்த பிள்ளைங்களுக்கு மார்க்கத்தை மீறச் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. ஒவ்வொரு உறுப்பையும் ஒரு தடவை கழுவினாலே ஒளு கூடும், மூணு தடவை சுன்னத் (நபிவழி), அதுக்கு மேல கூடாது. ஆலிம்கிட்ட (மார்க்க அறிஞர்) ஒரே ஒரு தடவை பேசி எல்லையைக் குறிச்சுக்கிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்க. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் அவருக்குப் போன் போட்டா அதுவும் நோயோட சேர்ந்துரும்.

மண்டபம்_கவுன்சிலர்:

நன்றி. திடீர்னு வந்தது இல்ல டாக்டர், ஒரு வருஷமா கொஞ்சங் கொஞ்சமா. இன்னொண்ணு: போன வாரம் அப்பாவைப் பத்தின கேள்விக்கு அம்மா ஒரேயடியா பதில் சொல்றதை நிறுத்தினாங்க. ரெண்டு மணி நேரம் அழுகை, கடைசியில அப்பத்தா பதில் சொல்லிட்டாங்க.

சேதுக்கரை_உளவியல்:

அதான் மோசமான சேர்க்கை. ரெண்டு மணி நேரம் அழுதா பதில் கிடைக்கும்னு பிள்ளை இப்ப கத்துக்கிச்சு. வீட்ல பதில் சொல்ற ஆள் எத்தனை பேரோ அத்தனை பேரும் ஒரே நாள்ல ஒத்துக்கணும், அப்பத்தா முதல்ல.

யேல் பல்கலைக்கழகத்துல லெபோவிட்ஸ் குழு ஸ்பேஸ்னு ஒரு முறை வச்சிருக்கு. பிள்ளையைக் கூப்பிடுறதே இல்ல, பெத்தவங்களுக்கு மட்டும் பயிற்சி. 2020ல 124 பிள்ளைங்ககிட்ட சோதிச்சப்ப நேரடி சிபிடிக்கு இது குறைவில்லைன்னு வந்துச்சு. அது ஓசிடி இல்ல, பதற்ற நோய்கள். ஆனா அம்மாவையே சடங்குக்குள்ள இழுக்கிற இந்த மாதிரி வீட்டுக்கு அப்படியே பொருந்தும். நல்லா இருக்கிற ஒரு பகல் நேரத்துல, அப்பாவும் கூட இருக்கையில, முன்கூட்டியே சொல்லணும்: "உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். உன்னால தாங்க முடியும்னும் தெரியும். அதனால இனிமே ராத்திரிக்கு 3 தடவைதான் பதில்." முதல் வாரம் 3, ஆனா வார்த்தை ஒவ்வொரு தடவையும் மாறணும். அப்புறம் 1, அப்புறம் "அதுக்குப் பதில் சொல்லியாச்சும்மா" மட்டும். கத்தினா திட்டவும் வேண்டாம், விளக்கவும் வேண்டாம், பக்கத்துல இருந்தா போதும். முதல் சில நாள் அழுகையும் கேள்வியும் அதிகமாகத்தான் செய்யும்.

ஆபத்து நிஜம்ங்கிறது சரி. அதனாலதான் "பத்திரமா வந்துருவாக"ங்கிற பதில் நிக்கல. அது உத்தரவாதம் இல்லைன்னு 10 வயசுக்கே தெரியும். "எனக்கும் தெரியாதும்மா. கரைக்கு வந்ததும் போன் பண்ணுவாக"ன்னு சொல்றதுதான் பயிற்சி. பாம்பன்ல எத்தனையாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்குன்னு ஒரு தடவை கேட்டுக்கிறது கடற்கரையில எல்லாரும் செய்யுறது, அதைத் தடுக்காதீங்க. ரெண்டாவது தடவையில இருந்துதான் ஓசிடி. விசைப்படகுன்னா ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்துல அப்பா கரையிலயே இருப்பாரு, கேள்வி தானா நின்னுரும். தேறிட்டான்னு கணக்கு வச்சு மாத்திரையை நிறுத்திறாதீங்க. ஜூன்ல படகு இறங்குறதுக்கு முன்னாடியே பயிற்சியை மறுபடி சூடாக்கணும்.

தெரிஞ்சவங்க பக்கத்துல இல்லைன்னா இணைய வழியும் உண்டு. ஸ்வீடன்ல 152 பிள்ளைங்ககிட்ட, முதல்ல இணையத்துல சிபிடி, தேறாதவங்களுக்கு மட்டும் நேர்ல. 2021ல முடிவு வந்தப்ப எல்லாருக்கும் நேர்ல கொடுத்ததைவிட மோசமில்லைன்னு தெரிஞ்சுச்சு. 14416க்கு அடிச்சா அரசோட மனநல உதவி எண்ணான டெலிமானஸ்ல தமிழ்ல பேசலாம், அவங்க வழியா ஆளைக் கேளுங்க. வீடியோ அமர்வுன்னா போனைத் தண்ணித் தொட்டிப் பக்கம் சாச்சு வையுங்க. முகம் தெரிய வேண்டாம், செம்பும் ரெண்டு கையும் தெரிஞ்சா போதும்.