விரை வலி: எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு

தறிச்சத்தம்:

இடது விரையில் மூன்று வருட வலி. தொற்றில் ஆரம்பித்தது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டுத் தொற்று போய்விட்டது, வலி மட்டும் போகவில்லை. ரத்த ஓட்டம் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் நான்கு தடவை, நான்கிலும் நார்மல். இந்தக் கதை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஈரோட்டில் ஒரு யூராலஜி டாக்டர் கார்ட் பிளாக் ஊசி போட்டார், விரைக்குப் போகிற நரம்புகளைக் கொஞ்ச நேரம் மரக்க வைக்கிற ஊசி. தொடை இடுக்கில், எலும்புக்குப் பக்கத்தில். காலை 11 மணி. "கால் மணி நேரத்துல மரத்துடும். எத்தன மணிக்கு வலி திரும்புதுன்னு எழுதி வைங்க, எனக்கு அதுதான் வேணும்" என்றார். பஸ் பிடித்துக் குமாரபாளையம் வந்தேன். வேகத்தடை வந்தால் முன் சீட் கம்பியைப் பிடித்து உடம்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வது என் வழக்கம். அன்றும் கை தானாகக் கம்பிக்குப் போனது. பஸ் ஏறி இறங்கியது. ஒன்றுமே இல்லை.

வீட்டில் மனைவி வழக்கம் போல ஸ்டூலை எடுத்துப் போட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மகள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை. தரையில் தட்டு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. மகள் சோற்றில் கை வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தொண்டையை அடைத்துக்கொண்டது, இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

சாயங்காலம் நாலரைக்குப் பட்டறையில் பாவு இழை அறுந்தது. முடிச்சுப் போடக் குனிந்தேன், வந்துவிட்டது. முதலில் அடிவயிற்றில் ஒரு இழுப்பு, அப்புறம் கீழே யாரோ பிடித்து முறுக்குகிற மாதிரி.

டாக்டர் இப்போது இரண்டு வழி சொல்கிறார். மைக்ரோஸ்கோப் வைத்து அந்த நரம்புகளை மட்டும் வெட்டிவிடுவது, இல்லையென்றால் விரையையே எடுத்துவிடுவது. யோசித்து வரச் சொல்லியிருக்கிறார். எனக்கு 41 வயது. ஒரே மகள், இனி குழந்தை வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்ததுதான். எடுத்தவர்கள், எடுக்காதவர்கள், எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

ஷார்ஜா_மெக்கானிக்:

தம்பி, நான் எடுத்தவன். வலது பக்கம், 2019இல் லீவுக்கு ஊர் வந்தபோது.

தியேட்டருக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தேன். சின்ன வயது டாக்டர் ஒருவர் வந்து "எந்தப் பக்கம்னு சொல்லுங்கண்ணா" என்றார். கேஸ் ஷீட் அவர் கையில்தான் இருந்தது. ஆனாலும் நோயாளியே வாயால் சொல்ல வேண்டுமாம், பக்கம் மாறிவிடக் கூடாது என்பதற்காக. "வலது" என்றேன். அந்தக் குரல் என் குரல் மாதிரியே இல்லை. மார்க்கர் பேனாவால் தொடையில் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார். நான் குனிந்து அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதுகூட எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. அந்த மை முழுதாகப் போக எட்டு நாள் ஆனது. இத்தனை வருடம் கழித்தும் குளிக்கும்போது கண் அந்த இடத்துக்குப் போகும்.

ஆபரேஷன் பெரிய விஷயமில்லை. குடலிறக்கத்துக்குக் கீறுகிற மாதிரி இடுக்கில் கீறி அந்த வழியாக எடுத்தார்கள். மறுநாள் வீடு. அந்த இடத்தில் சிலிகானில் செயற்கை விரை வைக்கட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பிப் போய் ஏசி அவுட்டோர் யூனிட்டைத் தோளில் வைத்து ஏணி ஏறினேன். வலி இல்லை. ஹார்மோன் டெஸ்ட் முன்னாலும் பின்னாலும் எடுத்தார்கள், பெரிய மாற்றம் இல்லை. நல்லபடியாக இருக்கிற ஒன்றே போதும் என்றார்கள். 2021இல் பையன் பிறந்தான்.

எடுத்துவிடு தம்பி. யோசித்து யோசித்து நான் நாலு வருடத்தைத் தொலைத்தேன்.

வாத்தியார்63:

மெக்கானிக் தம்பி எழுதியது அவருக்கு நடந்தது. அதை மற்றவருக்கு மருந்துச் சீட்டாக எழுதிக் கொடுப்பது சரியில்லை. நானும் எடுத்தவன்தான். எனக்கு வலி இருக்கிறது.

2014. தையல் பிரிக்கப் போன அன்று பயாப்சி ரிப்போர்ட்டையும் வாங்கிக்கொண்டேன். மருந்துக்கடை வரிசையில் நின்றபடியே உறையைப் பிரித்தேன். எத்தனை கிராம், எத்தனை சென்டிமீட்டர் என்று போட்டுவிட்டு, கடைசி வரியில் குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் இல்லை என்று இருந்தது. புற்று இல்லை, வீக்கம் இல்லை, தழும்பு இல்லை. பின்னால் நின்றவர் "சார், நகருங்க" என்று இரண்டு தடவை சொன்னார். நல்ல உறுப்பு ஒன்றை அறுத்துக் கொடுத்திருக்கிறேன் என்பதுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ரிப்போர்ட் இன்னும் என் பீரோவில் இருக்கிறது, தூக்கிப் போட மனம் வரவில்லை.

ஆறு வாரம் நிம்மதி. அதன் பிறகு ஒரு ராத்திரி வலி வந்தது, அதே இடத்தில். கை வைத்துப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. இல்லாத இடம் எப்படி வலிக்கும் என்று வீட்டில் கேட்டார்கள். காலை எடுத்தவருக்கு இல்லாத பாதம் வலிப்பது போலத்தான் இது. வலி வருடக்கணக்கில் நின்றுவிட்டால் தண்டுவடமும் மூளையும் அதைப் பழகிக்கொள்கின்றன. அதற்கு அப்புறம் உறுப்பை எடுத்தாலும் சில பேருக்கு வலி நிற்பதில்லை.

என் வருத்தமெல்லாம் ஒன்றுதான். எனக்கு அந்த ஊசியை முன்னால் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. பிறகு வேறு ஒரு மருத்துவர் போட்டார், வலி துளியும் குறையவில்லை. அதை முதலிலேயே செய்திருந்தால் என்னைத் தியேட்டருக்கே கொண்டுபோயிருக்க மாட்டார்கள். அவர்தான் 1990இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வைக் காட்டினார். இடுக்கு வழியாக எடுத்தவர்களில் 73 சதவீதம் பேருக்கு வலி முழுதாகப் போயிருக்கிறது, விரைப்பை வழியாக எடுத்தவர்களில் 55 சதவீதம். மொத்தமே 24 பேர். முதல் வகையில் 15 பேர், அதில் 4 பேருக்கு முழுதாகப் போகவில்லை. அந்த நான்கு பேரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எடுத்தது விரைப்பை வழியாக.

இப்போது இரவில் நரம்பு வலிக்கான மாத்திரை, அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். கூடவே இடுப்படித் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி, ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா சொல்லிக்கொடுத்தது. பத்துக்கு ஏழாக இருந்த வலி மூன்றில் நிற்கிறது. பள்ளியில் கடைசி இரண்டு வருடம் நின்றுகொண்டே பாடம் நடத்த முடிந்தது.

நெய்வேலி_ராஜா:

எனக்கும் வலது விரையில் உயிர் போகிற வலி. கடைசியில் பார்த்தால் அது சிறுநீர்க்குழாயில் இறங்கிய கல். கல் வெளியே வந்தது, வலி போச்சு.

அதனால் சொல்கிறேன், தறிச்சத்தம், கத்தியைப் பற்றி யோசிக்கும் முன்னால் மற்றதையெல்லாம் பார்த்துவிட்டீர்களா? சிறுநீரகத்துக்குப் போகிற நரம்பும் விரைக்குப் போகிற நரம்பும் முதுகில் கிட்டத்தட்ட ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அதனால் வலிக்கிற இடம் ஒன்று, காரணம் இருக்கிற இடம் வேறு என்று ஆகிவிடும். வயிற்றுக்கு ஸ்கேன் எடுங்கள். முதுகெலும்புக்கு எம்ஆர்ஐ எடுங்கள், மேல் இடுப்பில் டிஸ்க் நகர்ந்திருந்தாலும் இப்படி வலிக்கும். இடுப்பு மூட்டையும் பாருங்கள். குடலிறக்கம் இருக்கிறதா என்று இருமச் சொல்லிப் பார்த்தார்களா? வேரிகோசில், அதாவது விரைப்பையில் ரத்தக்குழாய் புடைப்பு, இருந்தால் நின்று வேலை செய்கிறவர்களுக்குச் சாயங்காலம் வலி கூடும், படுத்தால் குறையும், உங்களுக்கு எப்படி என்று கவனியுங்கள். தறியில் நிற்கும்போது இறுக்கமான ஜட்டி போட்டுத் தாங்கல் கொடுங்கள். உட்காரும்போது சின்னத் தலையணை. வெந்நீர் ஒத்தடம், ஆனால் ரொம்பச் சூடு வேண்டாம். மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கினால் வலி கூடும். அண்டவாயுவுக்கு எண்ணெய் தருகிறேன் என்று போஸ்டர் ஒட்டியிருப்பார்கள், அங்கே போய்ப் பணத்தைக் கொட்டாதீர்கள். இன்னொன்று, இதைப் படிக்கிற சின்னப் பையன்களுக்கு: வலி திடீரென்று வந்து, விரை மேலே ஏறி, வாந்தியும் வந்தால் அது முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். வெட்கப்பட்டு விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

இல்லத்தரசி_திருச்சி:

ராஜா அண்ணா, ஜட்டி, தலையணை, எம்ஆர்ஐ எல்லாம் நாங்கள் முதல் வருடமே முடித்துவிட்டோம். இங்கே எழுதுகிற எல்லோரும் அதைத் தாண்டி வந்தவர்கள்தான்.

என் வீட்டுக்காரருக்கு 2022இல் நடந்தது. ஆம்பளைகள் பேசுகிற இடம் என்று இத்தனை நாள் எழுதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவர் நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு, "எடுத்துட்டா நீ என்ன நெனப்ப?" என்று கேட்டார். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. நினைப்பதற்கு ஒன்றும் இல்லை, நீங்கள் வலியில்லாமல் தூங்கினால் போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. துருவிக்கொண்டே இருந்தேன். வெள்ளை தீர்ந்து சிரட்டை ஒட்டின பழுப்பும் வந்து விழுந்தது, அப்போதும் நிறுத்தவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவர் இல்லை. நான் பேசாமல் இருந்ததையே பதிலாக எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் வலியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி ஹாலில் லைட் போடாமல் நடக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

அப்புறம் நானே டாக்டரிடம் கூடப் போய், குழந்தை பற்றி, ஹார்மோன் பற்றி, எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே கேட்டேன். அவருக்கு ஊசியில் வலி நன்றாகக் குறைந்ததால் முதலில் நரம்பை வெட்டிப் பார்க்கலாம், எடுப்பது கடைசி என்றார்கள். ரத்தக்குழாயையும் விந்துக்குழாயையும் தொடாமல் நரம்பு ஓடுகிற இழைகளை மட்டும் வெட்டுவது. அது பலிக்காமல் போனால் எடுக்கிற வழி அப்போதும் இருக்கும், எடுத்த பிறகு மற்றதற்கு வழி இல்லை என்று அந்த டாக்டர் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் மனதில் நின்றது. இப்போது முக்கால்வாசி வலி இல்லை. மழை நாளிலும் ரொம்ப தூரம் வண்டி ஓட்டினாலும் கொஞ்சம் வரும்.

தம்பி, உங்கள் மனைவி ஸ்டூல் எடுத்துப் போட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் கேட்டீர்களா?

யாழ்_ஹாரோ:

எனக்கு வாசெக்டமி, அதாவது ஆண் கருத்தடை, செய்த பிறகு வந்த நோ. 2017. கையெழுத்து வைக்கிற படிவத்தில் நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு நீடித்த நோ வரலாம் என்று ஒரு வரி இருந்தது. வடிவாக வாசித்துவிட்டுத்தான் வைத்தேன். அந்த ஒன்றிரண்டு பேரில் நான் ஒருவனாக இருப்பேன் என்று யார் நினைப்பது?

இங்கே லண்டனில் ஒரு டொக்டரிடம் நானே "எடுத்து விடுங்கோ" என்று கேட்டேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "முந்தி எப்ப நோ இல்லாமல் இருந்தது?" என்று கேட்டார். வாசெக்டமிக்கு முதல் நாள் என்றேன். அப்ப முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பம் என்றார். வெட்டின குழாயை என் காசில் திரும்ப இணைத்தேன். ஐந்து மாதத்தில் நோ போய்விட்டது. எல்லோருக்கும் இது கேட்காது என்று அவரே சொன்னவர். ஆனால் வாசெக்டமி செய்தவர்கள் யாராவது இதைப் படித்தால், எடுக்க முதல் இதையும் ஒருக்கால் கதைத்துப் பாருங்கள்.

ஷார்ஜா_மெக்கானிக்:

வாத்தியார் சார், நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஒன்றைச் சொல்ல விட்டுப்போச்சு. எனக்கு எடுப்பதற்கு முன்னால் அந்த ஊசி இரண்டு தடவை போட்டார்கள், இரண்டு தடவையும் சாயங்காலம் வரைக்கும் வலி இல்லை. நரம்பு வெட்டுகிற ஆபரேஷன் ஒன்று இருப்பதே இங்கே படித்துத்தான் எனக்குத் தெரியும், அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். உங்கள் ரிப்போர்ட்டைப் பற்றிப் படித்ததில் இருந்து மனது சரியில்லை. என் ரிப்போர்ட்டை நான் வாங்கவே இல்லை சார்.

வாத்தியார்63:

பரவாயில்லை தம்பி. உனக்கு வலி போனதில் எனக்குச் சந்தோஷம்தான். வாங்க வேண்டாம், விட்டுவிடு.

தறிச்சத்தம்:

எல்லாவற்றையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன், அந்தத் தேங்காய் இடம் வரைக்கும். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "எதை வெட்டினாலும் நான் கூட வருவேன், இதுக்கு எதுக்கு மூணு வாரமா மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருந்தீங்க" என்றாள்.

டாக்டருக்குப் போன் செய்தேன். எடுப்பது இப்போது வேண்டாம், நரம்புதான் முதலில் என்று சொல்லிவிட்டேன். அதற்கு முன்னால் ஊசி இன்னொரு தடவை போட வேண்டும், ஒரு தடவை கேட்டதை மட்டும் நம்பி வெட்டக் கூடாது என்றார். வெள்ளிக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார். தறி முதலாளியிடம் முதுகுவலி என்று சொல்லி ஒரு நாள் லீவு வாங்கியிருக்கிறேன். மகளும் அன்றைக்கு ஸ்கூலுக்கு மட்டம் போடுகிறேன் என்கிறாள், மத்தியானம் கூட உட்கார்ந்து சாப்பிடுவதற்கு.