பேருந்து நிலையக் கழிப்பறையில் பெண்களிடம் மட்டும் காசு: யாரிடம், எப்படிக் கேட்பது?

பூக்கடை மகள்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் தென்மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. அம்மா 18 வருடமாகப் பேருந்து நிலைய வாசலில் பூ விற்கிறார். காலை 5 மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க மதியம் 2 ஆகிவிடும்.

நிலையத்துக்குள் இருக்கும் பேரூராட்சிக் கழிப்பறையைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். ஆண்கள் சிறுநீர் கழிக்கக் காசு கிடையாது. பெண்கள் எதற்குப் போனாலும் 5 ரூபாய். இரவு 8 மணிக்குப் பெண்கள் பக்கத்தை மட்டும் பூட்டிவிடுகிறார்கள். கட்டணப் பலகை எங்கேயும் இல்லை.

அதனால் அம்மா தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் அரை டம்ளர் காபி, அவ்வளவுதான். மாசி மாதம் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் வந்தது. சிறுநீர்த் தொற்று என்றார் டாக்டர். "தண்ணி நிறைய குடிங்கம்மா" என்று அவர் சொன்னபோது அம்மா என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கவுன்சிலர் அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "அது குத்தகைக்காரர் விஷயம்மா" என்கிறார். இதை யாரிடம் எழுதிக் கொடுத்தால் நடக்கும்?

பயணி:
5 ரூபாய்தானே சகோதரி? கழுவுகிறவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

பூக்கடை மகள்:
அண்ணா, ஒரு நாளைக்கு 3 தடவை போனால் 15 ரூபாய். மாதம் 450. அம்மாவுக்கு அது ஒன்றரை நாள் வருமானம். ஆண்கள் பக்கத்தையும் அதே ஆள்தான் கழுவுகிறார். அந்தச் செலவைப் பெண்கள் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற நகராட்சி எழுத்தர்:
குத்தகைக்காரர் விஷயம் என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள் அம்மா. ஏலம் விட்டது பேரூராட்சி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் பேரூராட்சி. முதலில் அந்த ஒப்பந்தத்தைக் கையில் வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் செயல் அலுவலர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். குத்தகை நிபந்தனைகளின் நகல், மன்றம் நிர்ணயித்த கட்டணம், திறக்கும் மூடும் நேரம் ஆகிய மூன்றை மட்டும் கேளுங்கள். "ஏன்" என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் வசூலிக்கிற தொகை ஒன்றாகவும் காகிதத்தில் இருப்பது வேறாகவும் இருக்கும்; என் அனுபவத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தாராவி வாசகி:
மும்பையிலும் இதே கதைதான். ஆண்களுக்கு இலவசம், பெண்களிடம் காசு. 2011இல் பல அமைப்புகள் சேர்ந்து, பெண்கள் சிறுநீர் கழிக்கும் உரிமைக்காக ஓர் இயக்கமே தொடங்கி, கையெழுத்து வாங்கி, மாநகராட்சியிடம் போனார்கள். ஏன் காசு என்று கேட்டால், "பெண்கள் உள்ளே எதற்குப் போகிறார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்" என்பார்கள், உங்களிடமும் சொல்வார்கள். சிறுநீருக்குத் தனி அறை கட்டச் சொல்லுங்கள், அந்தக் கேள்வியே வராது.

ஒரு வார்டு உறுப்பினர்:
நானும் கவுன்சிலர்தான், வேறு ஊர். 2016 சட்டத் திருத்தத்தால் தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களான நமக்கு வந்தது. என்னைப் போலப் பலர் அப்படித்தான் 2022 தேர்தலில் உள்ளே வந்தோம். ஆனால் மன்றக் கூட்டத்தில் சாலை, வடிகால் பேசி முடிக்கும்போதே நேரம் போய்விடும். கழிப்பறை என்று வாயெடுக்க எனக்கே முதலில் கூச்சமாக இருந்தது. உங்கள் கவுன்சிலரும் அப்படி இருக்கலாம், கோபப்படாதீர்கள். பத்துப் பெண்கள் கையெழுத்துப் போட்ட மனு கையில் இருந்தால் அவருக்குப் பேசத் தெம்பு வரும். வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபாக் கூட்டம் எப்போது என்று கேட்டு, அங்கேயும் எல்லோருமாகப் போங்கள். கேரளத்தில் உள்ளாட்சித் திட்ட நிதியில் 10 சதவீதத்தைப் பெண்களுக்கான திட்டங்களுக்கு என்றே ஒதுக்குகிறார்கள். இங்கே அது இல்லாததால் ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

பூக்கடை மகள்:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி அக்கா. நேற்று சாயங்காலம் மனு எழுதினேன். பூக்காரர்கள், மீன் விற்கும் பாட்டி, இட்லிக் கடை அக்கா எல்லாம் சேர்த்து 14 கையெழுத்து. நாப்கின் போட மூடியுள்ள கூடை வேண்டும் என்று இட்லிக் கடை அக்கா சேர்க்கச் சொன்னார். எனக்கு அது தோன்றவே இல்லை. அம்மா முதலில் தயங்கினார், கடையை எடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்று. அப்புறம் பேனாவை வாங்கி, எல்லோருக்கும் மேலே தன் பெயரை எழுதினார்.

ஐயா, ஒரு சந்தேகம். அந்த 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதுமா?

ஓய்வுபெற்ற நகராட்சி எழுத்தர்:
போதும் அம்மா. நேரில் கொடுத்தால் இன்னொரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.