கண்மாய்த் தளத்துக்குத் தனிச்செய்தி: எக்ஸ்எம்பிபியா, மேட்ரிக்ஸா?

மேலூர்_மடை கேட்கிறார்:

வணக்கம். நான் கணினிப் பயிற்சி நிலையம் ஒன்றில் ஆசிரியை. மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களைக் கவனித்து வரும் நாங்கள் சிலர் சேர்ந்து மாஸ்டடான் (அவரவர் சொந்த சர்வரில் நடத்தக்கூடிய சமூக ஊடகம்) சர்வர் ஒன்று நடத்துகிறோம். ஆயக்கட்டு விவசாயிகள், பறவை பார்க்க வருபவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டதா, எந்த மடை அடைத்துக் கிடக்கிறது, எந்தக் கண்மாய் கலுங்கு பாய்கிறது என்று படத்தோடு போடுவோம். அதற்கு மாஸ்டடான் நன்றாகவே இருக்கிறது.

சிக்கல் தனிச்செய்தியில்தான். ராத்திரியில் கண்மாய்க்குள் ஜேசிபியை இறக்கிச் சவுடு மண் அள்ளுகிறார்கள். தகவல் சொல்பவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். முன்பு போன் நம்பரில் இயங்கும் குழு ஒன்றில் பேசிக்கொண்டிருந்தோம். அதில் ஒருவர் லாரி நம்பர் தெரியும்படி படம் போட்டார். விடிந்ததும் அவருக்கு மிரட்டல் அழைப்பு. குழுவில் இருந்த யாரோ அவர் நம்பரை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். நம்பர் வெளியே தெரியாத இடம் வேண்டுமென்றுதான் இந்த சர்வரையே தொடங்கினோம். இப்போது பார்த்தால், மாஸ்டடானில் வரும் தனிச்செய்தி தரவுத்தளத்தில் அப்படியே எழுத்தாகக் கிடக்கிறது. நிர்வாகி நினைத்தால் திறந்து படிக்கலாம். நான் படிக்க மாட்டேன், ஆனால் படிக்க முடியும் என்பதே எனக்கு உறுத்துகிறது.

சர்வரில் 4 ஜிபி ராம், பெரும்பகுதியை மாஸ்டடானே எடுத்துக்கொள்கிறது. எங்கள் ஆட்கள் வைத்திருப்பது பழைய ஆண்ட்ராய்டு போன்கள். கண்மாய்க் கரையில் சிக்னல் வந்து வந்து போகும். சொந்த சர்வரில் வைத்துச் செய்தி பரிமாற உதவும் எக்ஸ்எம்பிபி, மேட்ரிக்ஸ் இரண்டில் எது சரிவரும்? இல்லை, மாஸ்டடான் சர்வர்கள் தங்களுக்குள் பேசப் பயன்படுத்தும் ஆக்டிவிட்டிபப்பிலேயே என்கிரிப்ஷன் (செய்தியைப் பூட்டி அனுப்பும் வசதி) வரட்டும் என்று பொறுத்திருக்கலாமா?

குன்றத்து_மாணவன்:

அக்கா, நான் மேட்ரிக்ஸ் என்றுதான் சொல்வேன். 2014-ல் தொடங்கியது. பிரான்ஸ் அரசு தன் ஊழியர்களுக்கென்று நடத்தும் செயலியும், ஜெர்மன் ராணுவத்தின் செயலியும் இதன் மேல்தான் ஓடுகின்றன. இன்னும் நிறையச் சொல்லலாம், ஆனால் உங்களுக்கு முக்கியமானது ஒன்றுதான். போன் தொலைந்தால் என்ன ஆகும்?

மேட்ரிக்ஸில் செய்தியைத் திறக்கும் சாவிகளைப் பூட்டிய நிலையில் சர்வரிலேயே சேமித்து வைக்கலாம். புதுப் போனில் மீட்புச் சாவியைக் கொடுத்தால் பழைய செய்தியெல்லாம் திறந்துவிடும். எக்ஸ்எம்பிபியில் ஓமெமோ (அதில் செய்தியைப் பூட்டும் முறை) போட்டால் அது நடக்காது, புதிதாகச் சேர்த்த போனில் பழைய செய்தி திறக்காது. மண் அள்ளிய படத்தைக் கோட்டாட்சியரிடம் காட்ட வேண்டிய நாளில் படம் இல்லையென்றால் இவ்வளவு பாடும் எதற்கு?

தெற்குவாசல்:

மேலூர்த் தங்கச்சிக்கு வணக்கம். நான் பல காலமாக எங்கள் சொந்தக்காரர்களுக்கும் கூட வேலை பார்ப்பவர்களுக்கும் ஒரு எக்ஸ்எம்பிபி சர்வர் நடத்தி வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில், எதைத் தேர்ந்தெடுத்தாலும் இன்றைக்கே செய்ய வேண்டிய ஒன்று. மாஸ்டடானில் தனிச்செய்தி என்பது, குறிப்பிட்டவர்களுக்கு மட்டும் போகும் ஒரு பதிவு, அவ்வளவுதான். செய்திக்குள் @ போட்டு எவர் கணக்கை எழுதினாலும் அவருக்கும் அது போய்ச் சேரும். "இன்ன கான்ட்ராக்டர்தான் அள்ளுகிறார்" என்று அவர் கணக்கையே @ வைத்து எழுதினால், புகார் நேரே அவர் கைக்குப் போகும். நிர்வாகி படிப்பதைவிட இதுதான் பெரிய ஆபத்து. உங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

பொறுத்திருப்பது வேண்டாம். ஆக்டிவிட்டிபப் 2018-ல் வலைத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையானபோதே அதில் என்கிரிப்ஷன் கிடையாது. எம்எல்எஸ் என்ற குழு என்கிரிப்ஷன் முறை 2023-ல் ஆர்எஃப்சி (இணையத் தரநிலை ஆவணம்) 9420 ஆக வந்தது. அதை ஆக்டிவிட்டிபப் மேல் ஏற்றும் வேலை நடக்கிறது. நல்ல வேலைதான், ஆனால் சவுடு மண் லாரி அதுவரை காத்திருக்காது.

நான் எக்ஸ்எம்பிபி பக்கம். 1999-ல் ஜாபர் என்ற பெயரில் வந்தது, 2004-ல் ஆர்எஃப்சி ஆனது, 2011-ல் திருத்தினார்கள். செத்துப்போன புரோட்டகால் என்பவர்கள் கூகுள் டாக் கதையை நினைத்துச் சொல்கிறார்கள். 2005-ல் கூகுள் இதில் வந்தது, மறு வருடம் வெளி சர்வர்களோடு பேச விட்டது, 2013-ல் ஹேங்அவுட்ஸ் கொண்டுவந்து வெளி சர்வர்களுக்குக் கதவைச் சாத்தியது. கூகுள் போனது, ஆனால் தனி சர்வர் வைத்திருந்தவர்களின் முகவரியும் சர்வரும் அவரவரிடமே இருந்தன.

உங்கள் 4 ஜிபிக்கு வருவோம். ப்ராசடி என்ற எக்ஸ்எம்பிபி சர்வர் மென்பொருள் லுவா மொழியில் எழுதியது. உங்களைப் போன்ற சிறு கூட்டத்துக்குச் சில பத்து எம்பி ராம் போதும், மாஸ்டடான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். மேட்ரிக்ஸின் சர்வர் மென்பொருளான சினாப்ஸ், பெரிய பொது அறைகளில் (குழுக்களில்) சேர வேண்டுமானால் 1 ஜிபியாவது காலியாக இருக்கட்டும் என்று சொல்கிறது. சின்ன அறைகளோடு நிறுத்திக்கொண்டால் அவ்வளவு ஆகாது. ஆனால் மேட்ரிக்ஸில் ஓர் அறையில் எந்தெந்த சர்வர்க்காரர்கள் இருக்கிறார்களோ அந்தந்த சர்வரிலெல்லாம் அறையின் பிரதி இருக்கும். செய்தி பூட்டியிருந்தாலும் யார் எப்போது சேர்ந்தார், யார் எப்போது பேசினார் என்பது பூட்டாமல் கிடக்கும். உங்கள் விஷயத்தில் அதுதானே ரகசியம்? எக்ஸ்எம்பிபியில் குழு ஒரே சர்வரில் இருக்கும். அதனால் அது உங்கள் பொறுப்பிலேயே இருக்கும்.

இன்னொன்று, 2023 மே மாதம் ஒன்றிய அரசு தடை செய்த 14 செயலிகளில் மேட்ரிக்ஸ் செயலியான எலிமென்டும் ஒன்று. மேட்ரிக்ஸுக்கு வேறு செயலிகள் உண்டுதான். ஆனால் ஊர்க்காரர்களிடம் ஒரு செயலியைப் பழக்கிவிட்டு, பிறகு இன்னொன்றுக்கு மாறச் சொல்வது லேசான வேலையில்லை.

சிக்னல் விஷயம். தொடர்பு அறுந்து மறுபடி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடர எக்ஸ்இபி-0198 என்றொரு நீட்சி இருக்கிறது. விடுபட்ட செய்திகளைச் சர்வரின் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ள எக்ஸ்இபி-0313. அழகர்கோவில் மலைப்பாதையில் ஏறும்போது கான்வர்சேஷன்ஸ் என்ற எக்ஸ்எம்பிபி செயலியில் செய்தி அனுப்பிப் பார்த்திருக்கிறேன். வளைவில் சிக்னல் போகும், செய்தி அனுப்பாமல் நிற்கும். அடுத்த வளைவில் சிக்னல் எட்டிப் பார்த்ததும் தானாகவே போய்விடும், எதிர்ப்பக்கம் கிடைத்ததற்கான குறியும் வந்துவிடும். நாம் மறுபடி எதையும் அழுத்த வேண்டியதில்லை. கான்வர்சேஷன்ஸ், எஃப்-ட்ராய்டு என்ற செயலித் தளத்தில் இலவசம். ஐபோன்காரர்களுக்கு மோனல்.

இனி உங்களுக்கு முக்கியமான இடம். ஓமெமோ போட்ட குழுவில் உறுப்பினர்கள் ஒருவர் முகவரியை ஒருவர் பார்க்க முடிய வேண்டும், இல்லாவிட்டால் எவருடைய சாவியை வைத்துப் பூட்டுவது? அதனால் புகார் சொல்பவரைக் குழுவில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அவர் நம்பிக்கையான ஒருவரோடு மட்டும், ஒருவருக்கு ஒருவர் பேசட்டும். முன்பு நம்பர் வெளியே போனதும் குழுவிலிருந்துதான். எந்தப் புரோட்டகாலும் குழுவுக்குள் இருக்கும் ஆளைத் தடுக்காது.

மேலூர்_மடை:

ரொம்ப நன்றி அண்ணே. குழு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, இன்றைக்கே எல்லாரிடமும் பேசுகிறேன். இரண்டு சந்தேகம். தம்பி கேட்ட தொலைந்த போனுக்கு என்ன வழி? அப்புறம், ஓமெமோ போட்டாலும் யார் யாரோடு பேசினார் என்பது சர்வரில் எனக்குத் தெரியுமா?

அலங்காநல்லூர்_வாசகி:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். உயிருக்கே ஆபத்து என்கிற அளவு தகவல் என்றால் சிக்னல் செயலியும் மனதில் இருக்கட்டும். 2024 தொடக்கத்திலிருந்து அதில் பயனர்பெயர் வைத்துக்கொண்டு நம்பரை மறைக்கலாம். பதிவு செய்ய நம்பர் வேண்டும், சர்வரும் நம்முடையதில்லை. ஆனாலும் யார் யாரோடு பேசுகிறார் என்பதை மறைக்க அவர்கள் அளவுக்கு உழைத்தவர்கள் குறைவு.

தெற்குவாசல்:

அலங்காநல்லூர்க்காரர் சொல்வது சரி. அந்த அளவுக்குப் பயம் இருக்கிற ஆளுக்கு நானும் அதையே சொல்வேன்.

தங்கச்சி, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில், தெரியும். ஓமெமோ உள்ளே இருப்பதைத்தான் பூட்டும், அனுப்பியவர், பெறுபவர், நேரம் மூன்றும் சர்வருக்குத் தெரியும். அதனால் தகவல் சொல்பவருக்கு மாஸ்டடான் கணக்கே வேண்டாம். ப்ராசடியில் அழைப்பு இணைப்பு ஒன்று உருவாக்கிக் கொடுங்கள். மின்னஞ்சலும் கேட்காது, நம்பரும் கேட்காது. ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ இல்லாத முகவரியாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சர்வர் லாகில் (பதிவேட்டில்) பிழைகள் மட்டும் பதியட்டும். சர்வரில் செய்திகளின் சேமிப்பு ஒரு வாரம் என்பது ப்ராசடியின் இயல்பு அமைப்பு, அதை இரண்டு நாளாகக் குறைத்துவிடலாம்.

தொலைந்த போனுக்கு: படம் வந்ததும் பெறுபவர் அதைப் போனுக்கு வெளியே எடுத்து, பூட்டிய பென் டிரைவிலோ கணினியிலோ வைத்துவிட வேண்டும். கோட்டாட்சியரிடம் கொடுக்கப்போவது நீங்கள், தகவல் சொன்னவர் இல்லை. ஆதாரம் அவர் போனில் இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே அவருக்கு நல்லது.

மற்ற உறுப்பினர்களுக்கு மாஸ்டடானில் இருக்கும் அதே முகவரியை, முன்னால் உள்ள @ மட்டும் இல்லாமல், இதிலும் வைக்கலாம். டிஎன்எஸ்ஸில் எஸ்ஆர்வி பதிவு (சர்வர் எந்தக் கணினியில் இருக்கிறது என்று காட்டும் குறிப்பு) போட்டால் ப்ராசடி வேறு கணினியில் இருந்தாலும் முகவரி மாறாது. செயலிகளுக்கு 5222, மற்ற சர்வர்களுக்கு 5269 ஆகிய போர்ட்களைத் திறந்துவிடுங்கள். வெளி சர்வர்களோடு பேசவே வேண்டாம் என்றால் 5269-ஐ மூடியே வைத்திருங்கள். சான்றிதழ் போடும்போது எங்காவது நின்றால் இங்கேயே கேளுங்கள்.