மீன் எண்ணெய் மாத்திரை மனநோயைத் தடுக்குமா?

கோபி வாசகர்:
நம் வட்டாரப் பள்ளிகளில் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு மீன் எண்ணெய் மாத்திரை வழங்க வேண்டும் என்பது என் கருத்து. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்ற கடும் மனநோயின் முன்னறிகுறிகள் தென்பட்ட, 13 முதல் 25 வயது வரையிலான 81 பேரிடம் வியன்னாவில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 என்ற கொழுப்புச் சத்தை 12 வாரம் உட்கொண்ட 41 பேரில் 2 பேருக்கும், ஒப்பிடுவதற்காக அந்தச் சத்து இல்லாத போலி மாத்திரை உட்கொண்ட 40 பேரில் 11 பேருக்கும் ஓராண்டுக்குள் அது முழு நோயாக மாறியது. கம்பும் கொள்ளும் உண்டு வளரும் நம் பிள்ளைகளில் பலர் கடல்மீனை அடிக்கடி காண்பதில்லை.

திருப்பூர் வாசகர்:
கோபி அண்ணா, அதன் தொடர்ச்சியை ஏன் விட்டுவிட்டீர்கள்? இதே கேள்வியைப் பல நாடுகளில் 304 பேரிடம் ஆறு மாதம் சோதித்த நியூராப்ரோ ஆய்வு 2017இல் வெளிவந்தது. இரு பிரிவினருக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை. மனச்சோர்வைத் தடுக்கலாம் என்றெண்ணி ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் உடல் எடை மிகுந்த 1,025 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒமேகா-3, வைட்டமின் டி முதலியவற்றை ஓராண்டு கொடுத்தும் பலன் கிட்டவில்லை என்று 2019இல் அறிவித்தார்கள். அதோடு, நீங்கள் காட்டும் ஆய்வு அறிகுறிகளோடு உதவி நாடி வந்தவர்களைப் பற்றியது. நலமாக இருக்கும் பள்ளி முழுவதற்கும் அது எப்படிப் பொருந்தும்?

கோபி வாசகர்:
நியூராப்ரோவில் இரு பிரிவினருக்கும் உளவியல் சிகிச்சையும் சேர்த்தே அளிக்கப்பட்டது. நோய் முற்றியவர்களே இரு பக்கமும் குறைவாக இருக்கையில் மாத்திரையின் பங்கு எப்படி வெளிப்படும்? பள்ளி முழுவதற்கும் என்பதை வேண்டுமானால் கைவிடுகிறேன். அறிகுறி உள்ளவர்களுக்கு வேண்டும் என்பதை விடமாட்டேன்.

ஈரோட்டுச் செவிலியர்:
இருவரும் பதினைந்து வயதிலேயே நிற்கிறீர்கள். நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களுக்கு, பின்னாளில் மனச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. சீனாவின் 1959-61 பஞ்சத்திலும் அதுவே காணப்பட்டது. பட்டினியில் எந்தச் சத்துக் குறைந்ததால் இப்படி ஆயிற்று என்று அதைக் கொண்டு பிரித்துச் சொல்ல இயலாது என்றாலும், உணவின் பங்கைத் தேட வேண்டிய காலம் கருக்காலம் என்பது தெளிவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிய இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகள், குமட்டுகிறது என்ற காரணத்தால் பல வீடுகளில் அலமாரியிலேயே கிடக்கின்றன. புதிய மாத்திரைக்குச் செலவிடும் பணத்தை அங்கே செலவிடலாம்.

கோபி வாசகர்:
ஏற்கெனவே பதினைந்து வயதில் இருப்பவனுக்கு என்ன வழி, அம்மணி?

ஈரோட்டுச் செவிலியர்:
மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பால்கூட அருந்தாத சைவ வீடாக இருந்தால் பி12 அளவையும் சோதிக்கச் சொல்லுங்கள். அந்தக் குறை மனக்குழப்பமாகவும் வெளிப்படும், ஊசியால் சரிசெய்யவும் முடியும். மீன் மாத்திரையை விரும்பினால் கூடவே கொடுக்கலாம். அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

திருப்பூர் வாசகர்:
உடனே செல்ல இயலாதவர்கள் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.